மண் எடுத்த இடம் எது?

பயிர்த்தொழிலில் மண் பரிசோதனை எவ்வளவு அவசியம் என்பதைக் குடியானவர்களுக்கு இனி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நிலத்தில் உள்ள தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவற்றின் அளவை அறியாமல் உரமிடுவது, பெட்டியில் இருக்கும் பணத்தை எண்ணாமல் செலவு செய்வதை ஒக்கும். ஆயினும், பரிசோதனைச் சாலையில் எத்துணை நுட்பமாக அளந்தபோதிலும், அளக்கப்பட்ட மண் எந்த ஊரில், எந்த வயலில், வயலின் எந்தப் பகுதியில் எடுக்கப்பட்டது என்பது ஐயமறத் தெரியாவிடில், அவ்வுழைப்பு முழுவதும் பயனற்றுப் போகும். மண் மாதிரியின் மதிப்பில் ஒரு பாதி அதன் ரசாயன குணத்தில் இருக்கிறது. மற்றொரு பாதி அது எடுக்கப்பட்ட இடத்தில் இருக்கிறது.

அவ்விடத்தைக் குறித்துக்கொள்ளுவதற்குச் செயற்கைக் கோள்களின் துணைகொண்டு இடமறியும் முறை இப்பொழுது எங்கும் வழக்கத்திற்கு வந்துவிட்டது. அக்கருவி குடியானவரின் கைப்பேசிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அதன் நன்மைகள் எவை, அதன் எல்லை எது, அதனால் கிடைக்கும் எண்களை யார் அறிந்திருத்தல் வேண்டும் என்னும் விஷயங்கள் ஆராயத்தக்கன. அவற்றுள் கடைசியாகக் கூறப்பட்டதே மிக முக்கியமானது. தன் பெயருக்கு வழங்கப்பட்ட மண்வள அட்டையிலுள்ள எண்கள் தன் நிலத்து மண்ணின் எண்கள்தாமா, அன்றி அடுத்தவர் நிலத்து மண்ணின் எண்களா என்பதை அறியும் உரிமை ஒவ்வொரு குடியானவருக்கும் உண்டு.

கருவி வேலை செய்யும் விதம்

அமெரிக்க சர்க்காரின் இராணுவ இலாகா நிறுவிய ஜி.பி.எஸ். என்னும் அமைப்பு 1995-ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. அதன் கோள்கள் பூமிக்கு மேல் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுழன்று வருகின்றன. ஒவ்வொரு கோளும் மிகத் துல்லியமான கடிகாரம் ஒன்றைத் தாங்கி, தான் இருக்கும் இடத்தையும் அப்பொழுதுள்ள நேரத்தையும் வானொலி அலைகளின் வழியாக இடைவிடாது அறிவித்துக்கொண்டே இருக்கிறது. கையிலுள்ள கருவி அவ்வறிவிப்பு வந்து சேர எடுத்துக்கொண்ட காலத்தை அளந்து, அக்கோள் எவ்வளவு தூரத்தில் உள்ளது எனக் கணக்கிடுகிறது. அலைகள் வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்வதால், வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம் பிசகினாலும் தூரத்தில் 300 மீட்டர் பிசகிவிடும். கைக்கருவியின் கடிகாரம் அவ்வளவு துல்லியமானதன்று. ஆதலால் இடத்தைக் கணிப்பதற்கு மூன்று கோள்களும், கடிகாரப் பிழையைத் திருத்துவதற்கு மற்றொன்றும், ஆக நான்கு கோள்களேனும் கருவிக்குத் தென்படுதல் வேண்டும்.

தொடக்கத்தில் பொதுமக்களுக்குக் கிடைத்த அறிவிப்பில் வேண்டுமென்றே ஒரு பிழை கலக்கப்பட்டிருந்தது. அதனால் இடம் நூறு மீட்டர் வரை விலகிக் காட்டும். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க சர்க்கார் அப்பிழையை நீக்கியது. அதன் பின்னரே வயல் வேலைக்கு இம்முறை ஏற்றதாயிற்று. ருஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம், சீனா ஆகியவையும் தத்தமக்கு உரிய கோள்களை நிறுவியுள்ளன. இந்தியாவும் 2013-இல் தொடங்கி 2016-க்குள் ஏழு கோள்களை ஏவி, ‘நாவிக்’ என்னும் பெயரால் தனக்கென ஓர் அமைப்பை ஏற்படுத்திற்று. திறந்த வெளியில் சாதாரணக் கைப்பேசி இப்பொழுது ஏறக்குறைய 5 மீட்டருக்குள் இடத்தைக் காட்டுகிறது.

நிலத்தின் மேல் இடத்தை எண்ணால் குறிக்கும் வழக்கம் இந்நாட்டிற்குப் புதிதன்று. 1802-ஆம் ஆண்டில் லாம்டன் என்பவர் சென்னைக்கு அருகில் பரங்கிமலைப் பக்கத்தில் சுமார் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, இந்தியாவின் பெரிய முக்கோண அளவைக்கு அடிகோலினார். அந்த ஒரு கோட்டை அளந்து முடிக்கவே பல வாரங்கள் சென்றன. இன்று ஒரு நிமிஷத்தில் கைக்கருவி இடத்தைக் கூறிவிடுகிறது. ஆனால், அளப்பவரின் கவனம் அன்று எவ்வளவு வேண்டியிருந்ததோ அவ்வளவு இன்றும் வேண்டியிருக்கிறது.

சர்வே நம்பர் மட்டும் போதாதோ?

பட்டாவும் அடங்கலும் இருக்க, இவ்வெண்கள் எதற்கு என்று சிலர் வினவுவர். சர்வே நம்பர் நிலத்தின் உரிமையைக் காட்டுவதற்கு ஏற்பட்டது. ஒரு சர்வே நம்பருக்குள்ளேயே மேட்டுப் பாகமும் பள்ளப் பாகமும் இருக்கலாம். ஒரு மூலையில் களர் படர்ந்து, மற்ற மூலையில் பயிர் செழித்திருக்கலாம். பாகப்பிரிவினையால் உட்பிரிவுகள் பெருகும்பொழுது பழைய நம்பர் எந்தத் துண்டைக் குறித்தது என்பதில் குழப்பம் நேரும். ஊரார் வழங்கும் வயற்பெயர்களோ அவ்வூரில் மட்டுமே செல்லும். பத்து ஆண்டுகள் கழித்து வேலைக்கு வரும் உத்தியோகஸ்தர் அவற்றை அறியார்.

மண்ணின் குணம் ஆண்டுக்கு ஆண்டு எவ்வாறு மாறுகிறது என்பதை அறிய விரும்பினால், முதலில் எடுத்த இடத்திலேயே மறுமுறையும் எடுத்தல் வேண்டும். முதல் மாதிரி வாய்க்கால் தலைப்பிலும் இரண்டாம் மாதிரி வடிகால் முனையிலும் எடுக்கப்பட்டால், காணும் வேறுபாடு காலத்தால் வந்ததா இடத்தால் வந்ததா என்பதைப் பரிசோதனைச் சாலையார் கூற முடியாது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் பொங்கி நாகப்பட்டினக் கரையோர வயல்களில் புகுந்தபொழுது எழுந்த கேள்வி இத்தகையதே. மழைநீர் உப்பைக் கழுவிக் கீழே இறக்கிற்றா என்பதற்கு, அதே இடத்தில் மீண்டும் மீண்டும் எடுத்த மண்ணே விடை கூறத் தக்கது.

கிணற்று நீரின் விஷயத்தில் இது இன்னும் தெளிவாக விளங்கும். வங்காள தேசத்தில் ஆரைஹஜார் என்னும் பகுதியில், 25 சதுர கிலோமீட்டர் பரப்பிலுள்ள ஏறக்குறைய 6,000 குழாய்க் கிணறுகளின் நீரில் ஆர்செனிக் என்னும் நஞ்சு எவ்வளவு உள்ளது என்பதை ஆராய்ச்சியாளர்கள் 2000, 2001-ஆம் ஆண்டுகளில் பரிசோதித்தனர். ஒவ்வொரு கிணற்றின் இடமும் கைக்கருவியால் குறிக்கப்பட்டது, ஆழமும் கேட்டறியப்பட்டது. அவற்றை வரைபடத்தில் இட்டுப் பார்த்தபொழுது, சில கிராமங்களில் ஒரு கிணறேனும் அந்நாட்டின் அளவுக்கு உட்பட்டதாக இல்லை என்பதும், வேறு சில கிராமங்களில் பெரும்பாலான கிணறுகள் நல்லவை என்பதும் புலனாயின. அதைவிட மேலான செய்தி ஒன்றும் கிடைத்தது. அப்பகுதி மக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குச் சற்றேறக்குறைய, தீங்கற்ற கிணறு ஒன்று 100 மீட்டர் தூரத்திற்குள்ளேயே இருந்தது. நீரை மட்டும் பரிசோதித்து இடத்தைக் குறிக்காது விட்டிருந்தால், ‘இத்தனை கிணறுகள் கெட்டவை’ என்ற கணக்கு மட்டுமே கிடைத்திருக்கும். தாகத்தோடு இருப்பவர் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்பது தெரிந்திராது.

வழக்கு விஷயத்திலும் இடம் முக்கியமானது. பாலாற்றுப் பிரதேசத்தில் தோல் பதனிடும் சாலைகளின் கழிவு நீரால் நிலமும் கிணறும் கெட்டமையைக் குறித்து உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி தீர்ப்பளித்தது. கேடு விளைவித்தவரே ஈடு செய்தல் வேண்டும் என்றும், பாதிக்கப்பட்டவர்களைக் கண்டறிந்து நஷ்டத்தை நிர்ணயிக்க ஓர் அதிகார அமைப்பு ஏற்பட வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. இத்தகைய விசாரணையில் ‘எங்கள் ஊர்க் கிணறு கெட்டுவிட்டது’ என்று கூறுவதைவிட, இன்ன இடத்தில், இன்ன தேதியில் எடுத்த நீரில் இவ்வளவு உப்பு இருந்தது என்று காட்டுவது வலிமை வாய்ந்தது. இடம் குறிக்கப்படாத பரிசோதனைத் தாளை எதிர்த்தரப்பார் எளிதில் தள்ளிவிடுவர்.

மண்வள அட்டையும் கட்டமும்

மத்திய சர்க்காரின் மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரி 19-ஆம் தேதி ராஜஸ்தானத்தில் சூரத்கட் என்னும் ஊரில் தொடங்கப்பெற்றது. கார அமில நிலை, உப்பின் நிலை, அங்ககக் கரிமம், பேரூட்டங்கள் மூன்று, கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீஸ், போரான் ஆகப் பன்னிரண்டு விஷயங்கள் அட்டையில் குறிக்கப்படும். தொடக்கத்தில் வகுக்கப்பட்ட முறைப்படி, நிலப்பரப்பு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒன்றும், மானாவாரி நிலத்தில் 10 ஹெக்டேருக்கு ஒன்றுமாக மாதிரிகள் எடுக்கப்பட்டன. கட்டத்திற்குள் அடங்கிய குடியானவர் அனைவருக்கும் அம்மாதிரியின் முடிவே வழங்கப்பட்டது.

கோதுமை விளையும் அகன்ற சமவெளிகளில் இம்முறை பெரிதும் பொருந்தலாம். தமிழ்நாட்டில் 2015-16-ஆம் ஆண்டின் விவசாயக் கணக்கெடுப்பின்படி ஒரு சாகுபடியாளருக்குரிய சராசரி நிலம் 0.75 ஹெக்டேர் மாத்திரமே. ஆகவே 2.5 ஹெக்டேர் கொண்ட ஒரு கட்டத்தில் மூன்று பேருக்கு மேல் இருப்பர். 10 ஹெக்டேர் கட்டத்தில் பதின்மூவர் வரையிலும் இருப்பர். அவருள் ஒருவர் ஆண்டுதோறும் கிடை மறித்துத் தழையுரம் இட்டவராக இருப்பார். மற்றொருவர் உப்புக் கிணற்று நீரைப் பாய்ச்சி வருபவராக இருப்பார். இருவர் கையிலும் ஒரே எண்கள் கொண்ட அட்டை கிடைத்தால், ஒருவர் வேண்டாத உரத்திற்குப் பணம் செலவிடுவார்; மற்றொருவர் வேண்டிய ஜிப்சத்தை இடாது விடுவார். அதன் பிறகு இருவருமே அட்டையை நம்பார்.

இக்குறையை அறிந்தே 2019-20-ஆம் ஆண்டில் வட்டாரத்திற்கு ஒரு மாதிரிக் கிராமம் தேர்ந்தெடுக்கப்பட்டு, அங்கே கட்டத்தை விடுத்து ஒவ்வொருவர் நிலத்திலும் தனித்தனியே மண் எடுக்கப்பட்டது. எல்லா ஊர்களிலும் அவ்வாறு செய்யப் பொருளும் ஆட்களும் போதா என்பது உண்மையே. கட்ட முறையைத் தவறென்று தள்ளவும் கூடாது. ஒரு தாலூகாவில் துத்தநாகக் குறைவு எங்கே அதிகம் என்பதை அறிவதற்கு அது ஏற்றதே. ஆனால், ஊரின் நிலையைக் காட்ட எடுத்த மாதிரியை ஒருவருடைய நிலத்தின் நிலை என்று கருதும்படி அட்டையைக் கையில் கொடுப்பது முறையன்று. இட எண்களை அட்டையில் தெளிவாக அச்சிட்டு, ‘மண் எடுத்த இடம் இது, தங்கள் நிலத்திலிருந்து இவ்வளவு தூரம்’ என்று தமிழில் ஒரு வரி சேர்த்துவிட்டால், குடியானவர் தாமே முடிவு செய்துகொள்வார். இடம் தம் வயலாக இருப்பின் அட்டையின்படி உரமிடுவார். அப்படியில்லாவிடில் தம் வயல் மண்ணைத் தாமே எடுத்துப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புவார். இதற்கு ஒரு வரி அச்சிடும் செலவைத் தவிர வேறு செலவு இல்லை.

கருவியின் எல்லை

கருவியை நம்புதல் நன்று. அளவு மீறி நம்புதல் தீது. பத்து சென்ட் கழனி ஒன்று சதுரமாக இருப்பின், அதன் ஒரு பக்கம் சுமார் 20 மீட்டர். நடுவில் நின்று எண்ணைக் குறித்தால் 5 மீட்டர் பிழை இருப்பினும் கழனிக்குள்ளேயே அமையும். வரப்பின் மேல் நின்று குறித்தால் அடுத்தவர் கழனியைக் காட்டினும் காட்டும். தென்னந்தோப்பின் அடர்ந்த நிழலிலும், உயர்ந்த சுவர்களின் அருகிலும் அலைகள் தடைப்பட்டும் எதிரொளித்தும் வருவதால் பிழை இன்னும் கூடும். ஆதலால் சர்வே நம்பரை விலக்கிவிட்டு இட எண்ணை வைத்துக்கொள்வது சரியன்று. இரண்டும் சேர்ந்திருத்தல் வேண்டும்.

எண்களை எழுதும் விதத்திலும் பிழை நேர்வதுண்டு. பாகையின் தசம ஸ்தானங்கள் ஐந்து எழுதினால் இடம் ஒரு மீட்டர் அளவில் குறிக்கப்படும்; நான்கு எழுதினால் 11 மீட்டர்; மூன்றோடு நிறுத்தினால் 110 மீட்டர் ஆகிவிடும். இரண்டு எண்களைச் சேர்த்தெழுதச் சோம்பினால் வயல் ஒன்று தெருக்கோடிக்குப் போய்விடும். பாகை, கலை, விகலை என்ற முறையில் காட்டும் கருவியிலிருந்து எடுத்து, தசம முறை என்று எழுதிவிடுவதும் பெருந்தவறாக முடியும். பழைய நில அளவைப் படங்கள் எவரெஸ்டு என்பாரின் 1830-ஆம் ஆண்டுக் கணக்கை அடிப்படையாகக் கொண்டவை. செயற்கைக் கோள் கருவி 1984-ஆம் ஆண்டின் உலகக் கணக்கை அடிப்படையாகக் கொண்டது. ஒன்றின் எண்ணை மற்றொன்றின் படத்தில் அப்படியே இட்டால் இடம் நூறு மீட்டருக்கு மேலும் விலகக்கூடும். எந்தக் கணக்கு என்பதைத் தாளின் தலைப்பிலேயே எழுதிவிடுதல் நலம்.

இவை யாவும் எளிதில் திருத்தத்தக்க பிழைகள். திருத்துவதற்கு அரியது வேறொன்று. 2023-இல் சீரமைக்கப்பட்ட ஏற்பாட்டின்படி, மண் எடுப்பவரின் கைப்பேசியே இடத்தைத் தானாகப் பதிவு செய்கிறது. காரியாலயத்தில் அமர்ந்து எண்களை நிரப்புவதை இது பெரிதும் தடுக்கும், வரவேற்கத்தக்கதே. ஆயினும், கைப்பேசி தான் நிற்கும் இடத்தை அறியுமேயன்றி மண்வெட்டி இறங்கிய இடத்தை அறியாது. சேற்றில் இறங்காமல் பாட்டையோரத்தில் நின்று பொத்தானை அழுத்தினாலும் அது எண்ணைக் காட்டத்தான் செய்யும். வரப்போரம், எருக்குவியல் கிடந்த இடம், மர நிழல் ஆகியவற்றை விலக்கினாரா, ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல் 15 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் குழி வெட்டிப் பக்கத்து மண்ணைச் சீவி எடுத்தாரா, நான்கு மூலையிலும் நடுவிலும் எடுத்துக் கலந்து கால் பங்கிட்டு அரைக் கிலோ ஆக்கினாரா என்பனவற்றுள் ஒன்றையும் எந்தக் கோளும் கண்டு சொல்லாது.

மண் எடுப்பவர்மீது மட்டும் குற்றம் சுமத்துவது நியாயமன்று. ஒரு நாளில் ஒழுங்காகச் செய்யக்கூடிய அளவைக் காட்டிலும் பன்மடங்கு மாதிரிகள் எடுக்குமாறு கணக்கு விதித்தால், எவராயினும் பாட்டையை ஒட்டிய வயல்களையே நாடுவர். பாட்டைக்கு எட்டிய கடைமடைக் குடியானவரின் நிலம் அதனால் எப்பொழுதும் பரிசோதனைக்கு உட்படாமலே நின்றுவிடும். ஆகையால், எத்தனை மாதிரிகள் எடுக்கப்பட்டன என்று மட்டும் கேட்பதை மேலதிகாரிகள் நிறுத்திக்கொண்டு, எடுத்த இடங்களை ஊர்ப் படத்தில் இட்டுப் பார்ப்பார்களாக. புள்ளிகள் யாவும் பாட்டையோரமாக வரிசையிட்டு நின்றால், அவ்வேலை எவ்வாறு நடந்தது என்பது ஒரே பார்வையில் விளங்கும். இட எண்களின் மெய்யான பயன்களுள் இதுவும் ஒன்று.

செய்யத் தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து சில முறைகள் பெறப்படுகின்றன. மண் எடுக்குமுன் நிலத்துக்குடையவரை அழைத்து, களர் எங்கே, பள்ளம் எங்கே, எந்தப் பாகம் தனியாக விளைகிறது என்று கேட்டறிதல் வேண்டும். வேறுபட்ட பாகங்களைத் தனித்தனி மாதிரியாக எடுத்தல் வேண்டும். குழிகள் பலவாயினும், நடுக்குழியின் அருகில் திறந்த வெளியில் ஒரு நிமிஷம் அசையாமல் நின்று, கருவி காட்டும் பிழையளவு குறைந்த பின் எண்ணைப் பதிதல் வேண்டும்; அப்பிழையளவையும் கூடவே எழுதுதல் வேண்டும். தேதி, சர்வே நம்பர், உட்பிரிவு, அருகிலுள்ள கிணறு அல்லது மதகு போன்ற நிலையான அடையாளம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டொன்று பையின் உள்ளேயும் மற்றொன்று வெளியேயும் இருத்தல் நலம். மின்சாரம் இழந்த கைப்பேசியைவிட இச்சீட்டு நம்பத் தக்கது. மறுமுறை மண் எடுக்க வருபவரிடம் பழைய எண்களைக் கொடுத்து, அதே இடத்திற்கு அனுப்புதல் வேண்டும்.

குடியானவர்களும் இதில் தம் பங்கைச் செய்தல் வேண்டும். மண் எடுக்கும்பொழுது உடனிருந்து, எடுத்த இடத்தின் எண்களைக் கேட்டுத் தம் கணக்குப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார்களாயின், அட்டை வந்தபின் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எண்களைக் கைப்பேசியின் வரைபடத்தில் இட்டுக் காட்ட வீட்டுப் பிள்ளைகளே போதும். அவ்வெண்கள் வேறு ஊர்க் குளத்தையோ பாட்டையையோ காட்டினால், வட்டார விவசாயக் காரியாலயத்தில் தயங்காமல் கேட்பார்களாக.

நிலத்தின் இடமும் குணமும் சேர்ந்த விவரம் விலை மதிப்புள்ளது. உர வியாபாரிக்கும் நிலம் வாங்குபவருக்கும் அது பயன்படும். ஆகவே அவ்விவரம் உடையவருக்குத் தெரியாமல் பிறர் கைக்குச் செல்லலாகாது. உடையவருக்கே தெரியாமல் சர்க்கார் ஏட்டில் மட்டும் கிடப்பதும் தக்கதன்று. இலாகா இடத்தை மறையாது அறிவித்து, குடியானவர் அதனைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளும் வழக்கம் ஊன்றிவிட்டால், மண்வள அட்டை பெட்டிக்குள் உறங்காமல் உரம் வாங்கும் நாளில் கைக்கு வரும்.